ரூபாய் இருந்தது, டொலர் தீர்ந்தது: இலங்கையின் பணக்கஷ்டத்தைப் புரிந்துகொள்ள ஓர் எளிய விளக்கம்

கொழும்பில் 2022ஐப் பற்றிப் பேச்செடுத்தால் ஆளுக்கொரு காரணம் வரும். வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வாங்க நிற்பவர் "களவெடுத்தே முடித்துவிட்டார்கள்" என்பார். பக்கத்தில் நிற்பவர் "சீனாக் கடன் தம்பி, அதுதான்" என்பார். ஆட்டோக்காரருக்குக் காரணம் கொரோனா. ஊரில் வயல் வைத்திருப்பவருக்கு உரத் தடை. இதில் எதுவும் முழுப் பொய் கிடையாது. ஆனால் எல்லாரும் கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்று: "நாட்டில் காசில்லாமல் போய்விட்டது."

எந்தக் காசு? அதைத்தான் யாரும் கேட்பதில்லை. அந்த மாதங்களை நினைத்துப் பாருங்கள். அரச ஊழியர்களுக்குச் சம்பளம் போனது. ஓய்வூதியம் போனது. ஏடிஎம்மில் அட்டையைப் போட்டால் நோட்டு வந்தது. வராதது காஸ் சிலிண்டர், பெற்றோல், பால்மா. பையில் ரூபாயை வைத்துக்கொண்டுதான் நாங்கள் வரிசையில் நின்றோம்.

2022 மே 16ஆம் திகதி அன்றைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்க நாட்டுக்கு ஆற்றிய உரையில் இரண்டு செய்திகள் இருந்தன. அரச ஊழியர்களின் சம்பளத்துக்காக ரூபாய் அச்சடிக்க அனுமதிக்க வேண்டியிருக்கிறது என்பது ஒன்று. கையில் இருக்கும் பெற்றோல் ஒரு நாளைக்குத்தான் காணும் என்பது மற்றது. முதல் பிரச்சினைக்கு அச்சு இயந்திரம் இருந்தது. இரண்டாவதற்கு அது உதவாது. ரூபாய்த் தட்டுப்பாடும் டொலர் தட்டுப்பாடும் வேறு வேறு நோய்கள் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. இரண்டும் எப்படி வந்தன, ஒன்று மற்றதை எப்படிக் கிளப்பியது என்பதைப் பார்ப்போம்.

ஒரு கன்டீன், அதன் டோக்கன்

பெரிய வேலைத்தளம் ஒன்றில் ஒரு கன்டீன் இருக்கிறது என்று வையுங்கள். அங்கே எல்லாக் கொடுக்கல் வாங்கலும் டோக்கனில்தான். சமையற்காரருக்கும் மேசை துடைப்பவருக்கும் சம்பளம் டோக்கன். ஒரு சோற்றுப் பார்சல் ஒரு டோக்கன். டோக்கனை அச்சடிப்பது முதலாளி.

ஆனால் அரிசியும் பருப்பும் எண்ணெயும் புறக்கோட்டையிலிருந்து வர வேண்டும். அங்குள்ள மொத்த வியாபாரியிடம் டோக்கனை நீட்டினால் சிரிப்பார். அவருக்குத் தேவை காசு. அந்தக் காசு கன்டீனுக்கு வர மூன்று வழிகள்தான்: வெளியாட்களுக்குப் பார்சல் விற்பது, வெளியே வேலைக்குப் போன வீட்டாட்கள் அனுப்புவது, கடன் வாங்குவது.

இங்கே இரண்டு விதமான கோளாறு வரலாம். நூறு பார்சல் இருக்கும் நாளில் முதலாளி இருநூறு டோக்கனை அடித்து விட்டால், மெல்ல மெல்லப் பார்சல் இரண்டு டோக்கன் ஆகிவிடும். இது ஒரு கோளாறு. மற்றது, காசு தீர்ந்துபோவது. அப்போது எல்லார் பையிலும் டோக்கன் இருக்கும், அடுப்பில் பருப்பு இருக்காது. முதலாளி பதறிப்போய் இன்னும் டோக்கன் அடித்தால் சாப்பாடு கேட்பவர்கள்தான் கூடுவார்கள், பருப்பு கூடாது.

டோக்கன்தான் ரூபாய். காசு என்றது டொலர். புறக்கோட்டை என்றது உலகச் சந்தை. உவமையை இதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும், நாட்டுக்கே வருவோம்.

வெளிநாட்டில் செல்லுபடியாகும் பணத்தை, டொலரோ யூரோவோ எதுவானாலும், அந்நியச் செலாவணி என்கிறார்கள். அவசரத்துக்கென்று மத்திய வங்கி சேர்த்து வைத்திருக்கும் அந்நியச் செலாவணிக்குப் பெயர் கையிருப்பு. செய்தியில் "நாட்டின் கையிருப்பு இத்தனை பில்லியன்" என்றால் அது திறைசேரியில் கிடக்கும் ரூபாயைப் பற்றிய பேச்சில்லை. ஒரு பில்லியன் என்பது நூறு கோடி.

டொலர் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது

2021இல் இலங்கை ஏற்றுமதி செய்து சம்பாதித்தது ஏறத்தாழ 12.5 பில்லியன் டொலர். இறக்குமதிக்குக் கொடுத்தது ஏறத்தாழ 20.6 பில்லியன். இடையில் விழுந்த 8 பில்லியன் சொச்சம்தான் வர்த்தகப் பற்றாக்குறை. அந்த வருடத்தில் திடீரென்று வந்ததல்ல இது; பல பத்தாண்டுகளாகவே நாம் விற்பதைவிட வாங்குவது அதிகம்.

எரிபொருள், மருந்து, கோதுமை, பருப்பு, பால்மா என்று வெளியிலிருந்து வருவதன் பட்டியல் நீளம். வெளியே போவதன் பட்டியல் சின்னது. ஆடை ஏற்றுமதியில் வருடத்துக்கு 5 பில்லியன் டொலருக்கு மேல் வருகிறது. தேயிலையில் 1.3 பில்லியன் அளவில். பிறகு இறப்பர், தென்னைப் பொருட்கள், இன்னும் சில.

விழுந்த பள்ளத்தை இரண்டு வருமானங்கள் ஓரளவு மூடி வந்தன. ஒன்று வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் அனுப்பும் பணம். 2020இல் அது 7 பில்லியனைத் தாண்டியது. மற்றது சுற்றுலா; 2018இல் 23 லட்சம் பயணிகள் வந்து 4 பில்லியன் டொலருக்கு மேல் விட்டுப் போனார்கள்.

ஓர் இடைச்செருகல். கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலையில் தைப்பவள், ஹட்டன் மலையில் கொழுந்து பறிப்பவள், குவைத்தில் வீட்டு வேலை செய்பவள்: நாட்டின் டொலரில் பெரும் பங்கு இந்த மூன்று கூட்டத்துப் பெண்களின் கையால் வருகிறது. தொலைக்காட்சியில் பொருளாதாரம் பேச உட்காரும் கோட் போட்டவர்கள் நடுவில் இவர்களில் ஒருத்தியையும் நான் கண்டதில்லை.

வர்த்தகக் கணக்கோடு இந்த வருமானங்களையும், வெளிநாட்டுக் கடனுக்குக் கட்டும் வட்டி போன்றவற்றையும் சேர்த்துப் பார்ப்பது நடைமுறைக் கணக்கு. அதிலும் பெரும்பாலான வருடங்களில் நமக்குத் துண்டுதான் விழுந்தது. துண்டு விழுந்த டொலரை எங்கிருந்து எடுப்பது? கடன்தான்.

முன்பெல்லாம் அந்தக் கடன் உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி, ஜப்பான் போன்ற இடங்களிலிருந்து வந்தது. வட்டி குறைவு, கட்டி முடிக்க நீண்ட காலம். நாடு நடுத்தர வருமான நாடானதும் அந்தச் சலுகைக் கடன் சுருங்கத் தொடங்கியது. 2007இல் இலங்கை முதல் தடவையாக 500 மில்லியன் டொலருக்கு சர்வதேசப் பிணைமுறி விற்றது. பிணைமுறி என்பது அரசு எழுதிக் கொடுக்கும் கடன் பத்திரம். யாரும் வாங்கலாம், நிபந்தனை குறைவு, வட்டி அதிகம், தவணை முடியும் நாளில் முதல் முழுவதையும் ஒரே தடவையில் கட்ட வேண்டும். கட்ட வேண்டிய நாள் வந்தால் இன்னொரு பிணைமுறி விற்றுக் கட்டுவது என்று பழகிவிட்டோம். நம்மை நம்பிக் கடன் தருபவர்கள் இருக்கும்வரை இது ஓடும்.

சுருக்கமாக: நாடு டொலரில் சம்பாதிப்பதைவிட டொலரில் செலவழித்தது அதிகம். இடைவெளியைக் கடனால் நிரப்பியது. அந்தக் கடனும் போகப் போக விலை கூடிய கடனானது.

அரசின் பை தனி

இதுவரை சொன்னது நாட்டின் டொலர்க் கணக்கு. அரசின் ரூபாய்க் கணக்கு வேறு. வரி வருமானம் ஒரு பக்கம். சம்பளம், ஓய்வூதியம், பாதுகாப்புச் செலவு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கடன் வட்டி எல்லாம் மறு பக்கம். செலவு வரவைவிடக் கூடினால் அது வரவு செலவுப் பற்றாக்குறை.

2019 டிசம்பரில் புதிய அரசு வரிகளை வெட்டியது. வற் என்று நாம் சொல்லும் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8க்கு இறங்கியது. சம்பளத்தில் மாதாமாதம் கழித்த வரி நீக்கப்பட்டது. வருடத்துக்கு 1 கோடியே 20 லட்சம் ரூபாய் வியாபாரம் செய்தாலே வற்றுக்குப் பதிய வேண்டும் என்றிருந்த எல்லை 30 கோடியாகத் தூக்கப்பட்டது. அந்த மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்துச் சந்தோஷப்படாதவர்கள் கொழும்பு அலுவலகங்களில் குறைவு. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 12 சதவீதத்துக்குக் கிட்டவாக இருந்த வரி வருமானம் அடுத்த வருடமே 8 சதவீத அளவுக்கு விழுந்தது. மொத்த உள்நாட்டு உற்பத்தி என்பது ஒரு வருடத்தில் நாட்டுக்குள் உற்பத்தியாகும் பொருள், சேவை எல்லாவற்றின் பெறுமதி. உலகிலேயே மிகக் குறைந்த வரி வசூலிக்கும் நாடுகளின் வரிசையில் போய் நின்றோம்.

அப்படியானால் களவு? களவு இருந்தது, அதனால் நட்டமும் வந்தது. ஆனால் ஒரு ரூபாயும் களவு போகாமல் இருந்திருந்தாலும் இந்த வரவுக்கும் அந்தச் செலவுக்கும் கணக்கு ஒத்துவந்திருக்காது. "களவெடுத்ததைத் திருப்பி வாங்கினால் எல்லாம் சரி" என்று நம்பும்போது இந்தக் கசப்பான பாதி மறைந்துபோகிறது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ உட்படப் பலரை இந்த நெருக்கடி தொடர்பில் மக்களின் அடிப்படை உரிமைகளை மீறியதற்குப் பொறுப்பாக்கியது. அந்த வழக்கின் மையம் பெட்டியில் பணம் போனதல்ல. வரிக் குறைப்பு, ரூபாயைப் பிடித்து வைத்தது, உதவி கேட்கத் தாமதித்தது போன்ற முடிவுகள்தான்.

சரி, பற்றாக்குறையை எப்படி நிரப்பினார்கள்? உள்ளூரில் கடன் வாங்கி. அது போதாதபோது அச்சடித்து. காசு அச்சடிப்பது என்றதும் நோட்டு இயந்திரம்தான் கண்ணில் வரும். பெரும்பாலும் நடப்பது கணக்கில் எழுதுவது மட்டுமே: அரசு குறுகிய காலக் கடன் பத்திரம் எழுதிக் கொடுக்கும், மத்திய வங்கி அதை வாங்கிக்கொண்டு அரசின் கணக்கில் புதிய ரூபாயைப் பதியும்.

அந்த ரூபாய் சம்பளமாக ஒருவர் கைக்குப் போகிறது. அவர் அதைக் கொண்டு பெற்றோல் அடிப்பார், பருப்பு வாங்குவார், புதுப் போன் வாங்குவார். மூன்றும் வெளியிலிருந்து வருபவை, மூன்றுக்கும் டொலர் வேண்டும். அதாவது அரசின் ரூபாய்த் துண்டு கொஞ்ச நாளில் நாட்டின் டொலர்த் துண்டாக மாறி வெளியே வருகிறது. இரண்டும் சேர்ந்து நடப்பதைத்தான் இரட்டைப் பற்றாக்குறை என்கிறார்கள்.

ஒன்றின் மேல் ஒன்றாக

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலும் மற்ற இடங்களிலும் குண்டுகள் வெடித்தன, சுற்றுலா அடிபட்டது. எழும்ப முதல் 2020இல் கொரோனா வந்தது. 2021இல் வந்த பயணிகள் இரண்டு லட்சம்கூட இல்லை. இதற்கு நடுவில்தான் வரிக் குறைப்பு. நாடுகளின் கடன் கட்டும் தகுதியை அளந்து புள்ளி போடும் நிறுவனங்கள் 2020இல் நம் புள்ளியைக் குறைத்தன. பழைய பிணைமுறியைக் கட்டப் புதிய பிணைமுறி விற்கும் பழக்கம் அத்தோடு முடிந்தது, வாங்க ஆளில்லை.

கடன் கிடைக்காத அரசு கையிருப்பிலிருந்து எடுத்துக் கட்டியது. 2019 முடிவில் 7.6 பில்லியனாக இருந்த கையிருப்பு 2021 முடிவில் 3.1 பில்லியன். அதிலும் பாதியளவு, எளிதில் தொட முடியாத சீன நாணய ஏற்பாடு. 2022 ஜனவரி 18ஆம் திகதி, பால்மாவுக்கும் காஸுக்கும் ஏற்கெனவே தட்டுப்பாடு இருந்த நேரத்தில், 500 மில்லியன் டொலர் பிணைமுறியை முழுதாகக் கட்டினார்கள். நாட்டின் மானம் காப்பாற்றப்பட்டது என்றார்கள். என் கணக்கில் அது மருந்துக்கு வைத்திருந்த காசை எடுத்துச் சீட்டுக் கட்டியது மாதிரி. மே மாதத் தொடக்கத்தில் நிதியமைச்சர் அலி சப்ரி பாராளுமன்றத்தில் சொன்னார்: பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 50 மில்லியன் டொலருக்கும் குறைவு. 2021 இறக்குமதியை 365ஆல் வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்கே அது காணாது.

இன்னொரு முடிவும் சேர்ந்துகொண்டது. 2021 செப்டம்பரிலிருந்து மத்திய வங்கி ஒரு டொலரை 200 ரூபாய் சொச்சத்தில் பிடித்து வைத்தது. டொலருக்கு அடிபிடி, ஆனால் வங்கியில் விலை ஏறவில்லை. வெளியே ஏறியது. கட்டாரில் இருக்கும் தம்பி வங்கி வழியாக அனுப்பினால் டொலருக்கு 200 ரூபாய். உண்டியல் வழியாக அனுப்பினால் அதைவிட நன்றாகவே கிடைத்தது. உண்டியல் நடப்பது இப்படி: தம்பி அங்கே ஒருவரிடம் ரியாலைக் கொடுப்பார், கொட்டாஞ்சேனையில் அவருடைய ஆள் அம்மாவிடம் ரூபாயைக் கொடுப்பார். டொலர் இந்த நாட்டு வங்கிக்குள் வராது. வங்கி வழியாக வந்த பணம் 2021இல் 5.5 பில்லியனாகவும் 2022இல் 3.8 பில்லியனாகவும் விழுந்தது. உண்டியலில் அனுப்பியவர்களைத் துரோகிகள் என்று திட்டியவர்கள் உண்டு. வீட்டு வாடகை கட்ட அனுப்பும் பணத்தில் அந்த வித்தியாசத்தை யார் விடுவார்கள்? பிழை விலையைப் பிடித்து வைத்தவர்களிடம்.

வங்கியில் டொலர் இல்லையென்றால் எல்சி திறக்க முடியாது. எல்சி என்று வியாபாரிகள் சொல்லும் நாணயக் கடிதம், "சரக்கை அனுப்புங்கள், காசுக்கு நான் பொறுப்பு" என்று உள்ளூர் வங்கி வெளிநாட்டு விற்பனையாளருக்குக் கொடுக்கும் உறுதி. அது கிடைக்காமல் இறக்குமதியாளர்கள் திண்டாடினார்கள். கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த உணவுக் கொள்கலன்களும் டொலர் கட்ட வழியில்லாமல் அங்கேயே கிடந்தன. இதற்குள் 2021இல் போட்ட இரசாயன உரத் தடையால் நெல் விளைச்சல் சரிந்து, அரிசியும் வாங்க வேண்டிய நிலை. தடையை அதே வருடம் நவம்பரில் விலக்கினார்கள், பயிர் காத்திருக்கவில்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கி எண்ணெய் விலை ஏறியது.

மார்ச் 7ஆம் திகதி ரூபாயை விட்டார்கள். மே மாதத்தில் டொலர் 360 ரூபாய் அளவுக்குப் போய்விட்டது. 12.5 கிலோ காஸ் 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாய். 2022 ஏப்ரலில் 4,860. ஒரு லீற்றர் பெற்றோல் 177இலிருந்து ஆறே மாதத்தில் 470. நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அது முதல் தடவை.

சுருக்கமாக: டொலர் வரும் வழிகள் அடைபட்டன, கடன் நின்றது, கையிருப்பை எடுத்துக் கட்டினார்கள், ரூபாயின் விலையைப் பிடித்து வைத்ததால் மிச்சம் வரவிருந்த டொலரும் வேறு வழியில் போனது.

சீனாவா காரணம்?

பங்கு உண்டு, முழுக் காரணம் என்பது சரியில்லை. அரச நிறுவனங்களின் கடனையும் சேர்த்துப் பார்த்தாலும் நாட்டின் வெளிக்கடனில் சீனாவின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. கழுத்தைப் பிடித்தது பெரும்பாலும் பிணைமுறிக்காரர்களுக்குக் கட்ட வேண்டிய தவணைகள்தான். ஹம்பாந்தோட்டைத் துறைமுகத்தைக் கடனுக்குப் பதிலாகச் சீனா எழுதி வாங்கியது என்றும் சொல்வார்கள். 2017இல் நடந்தது 99 வருடக் குத்தகை. அதற்குக் கிடைத்த 1.12 பில்லியன் டொலர் கையிருப்புக்குப் போனது. துறைமுகக் கடன் அப்படியே இருந்தது. வருமானம் தராத இடத்தில் கடன் வாங்கித் துறைமுகமும் விமான நிலையமும் கட்டினோமே என்று கேட்டால் அது நியாயமான கேள்வி, அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள்.

பணவீக்கம் இறங்கியும் சாமான் விலை ஏன் இறங்கவில்லை?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். "பணவீக்கம் குறைந்துவிட்டதாம், பேப்பரில் போட்டிருக்கிறது. பாண் விலை எங்கே குறைந்தது?"

பணவீக்கம் என்பது விலை எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைச் சொல்வதில்லை. போன வருடத்திலிருந்து இந்த வருடத்துக்கு எவ்வளவு வேகமாக ஏறியது என்பதைச் சொல்கிறது. கொழும்புக் குடும்பங்கள் வாங்கும் சாமான்களின் விலையை வைத்து மாதாமாதம் கணக்கெடுக்கிறார்கள். 2022 செப்டம்பரில் அது 69.8 சதவீதம். உணவை மட்டும் பார்த்தால் 94.9. ஒரு வருடம் கழித்து, 2023 செப்டம்பரில், 1.3 சதவீதம்.

ஒரு வீட்டின் மாதச் சாமான் செலவு 2021 செப்டம்பரில் 10,000 ரூபாய் என்று வைப்போம். 69.8 சதவீதம் ஏறினால் அடுத்த செப்டம்பரில் 16,980. அதன் மேல் 1.3 சதவீதம் ஏறினால் 17,200 ரூபாய். பேப்பரில் 70 ஒன்றாகிவிட்டது, வீட்டில் 17,000 சொச்சம் அப்படியே நிற்கிறது. 2024 செப்டம்பரில் பணவீக்கம் பூச்சியத்துக்கும் கீழே, மைனஸ் 0.5க்குப் போனது. கணக்குப் போட்டால் 17,115. எண்பத்தைந்து ரூபாய் குறைந்திருக்கிறது! பத்தாயிரத்துக்குத் திரும்பவில்லை. திரும்பப் போவதும் இல்லை, எந்த நாட்டிலும் அப்படி நடப்பது அரிது.

ஆகவே கேட்க வேண்டியது விலை எப்போது பழைய இடத்துக்கு வரும் என்பதல்ல. சம்பளம் 17,000ஐ எட்டிப் பிடித்ததா? பிடித்தவர்களுக்கு நெருக்கடி முடிந்துவிட்டது. பிடிக்காதவர்களுக்கு 2022 இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

ஒரே நெருக்கடி, வேறு வேறு வீடு

கனடாவிலோ லண்டனிலோ பிள்ளை இருக்கும் வெள்ளவத்தை வீட்டுக்கு டொலர் 200இலிருந்து 360க்கு ஏறியது ஒருவகையில் காப்பாகவே இருந்தது. அதே நூறு டொலர் இருபதாயிரமாக வந்தது, பிறகு முப்பத்தாறாயிரமாக வந்தது. மட்டக்குளியிலோ முகத்துவாரத்திலோ நாட்கூலிக்குப் போகும் வீட்டுக்கு அந்தக் கதவே இல்லை. உலக வங்கியின் கணக்குப்படி வறுமையில் இருப்பவர்களின் பங்கு ஒரே வருடத்தில் ஏறத்தாழ இரட்டிப்பாகி, 2022இல் நால்வரில் ஒருவர் என்றானது.

தோட்டத்தில் நடந்ததைப் பாருங்கள். 2021இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனது, எத்தனையோ வருடப் போராட்டத்துக்குப் பிறகு. அன்றைய டொலர் விலையில் அது 5 டொலர். 2022 நடுப்பகுதியில் அதே ஆயிரம் ரூபாய் 2.80 டொலர்கூட இல்லை. அவள் பறித்த தேயிலை டொலரில்தான் விற்றது, இரண்டு வருடமும். ரூபாய் விழும்போது ஏற்றுமதியாளருக்குக் கூடுதல் ரூபாய் கிடைக்கிறது, கூலி ரூபாயிலேயே நிற்கிறது. "ரூபாய் விழுந்தால் ஏற்றுமதிக்கு நல்லது" என்று பாடப் புத்தகம் சொல்வதற்குள் இந்தச் சம்பளமும் இருக்கிறது. அதைப் புத்தகம் உரக்கச் சொல்வதில்லை.

2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தார்கள். மறுசீரமைப்பு என்றால் கடன்காரரோடு பேசித் தவணையை நீட்டுவது, வட்டியைக் குறைப்பது, முதல் தொகையில் ஒரு பகுதியை வெட்டுவது. அதில் முக்கியமாகக் கை வைத்தது ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வூதிய நிதிகளின் பிணைமுறிகளில். வட்டி முதலில் 12 சதவீதம், பிறகு 9. வங்கிகளின் பிணைமுறிகளைத் தொடவில்லை. வங்கி விழுந்தால் எல்லாரும் விழுவோம் என்பது அரசு சொன்ன காரணம், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் தனியார் கம்பனியில் முப்பது வருடம் வேலை செய்தவரின் சேமிப்பு அந்த மேசையில் வாயில்லாமல் உட்கார்ந்திருந்தது என்பதும் உண்மை.

ஐஎம்எப் காசு தந்து மீட்டதா?

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம், நாம் சொல்லும் ஐஎம்எப், நான்கு வருடத்துக்கு ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் தர ஒப்புக்கொண்டது. 2021இல் இரண்டு மாதத்துக்கு நாம் இறக்குமதி செய்ததற்குக்கூட அது காணாது, அதுவும் தவணை தவணையாக. அப்படியென்றால் ஏன் எல்லாரும் அதன் பின்னால் ஓடினார்கள்? அந்த நிறுவனம் கையெழுத்து வைத்தால் உலக வங்கியும் மற்றவர்களும் கதவைத் திறப்பார்கள், பழைய கடன்காரர்கள் பேச வருவார்கள். நமக்கு அதிகம் தேவைப்பட்டது அந்தக் கையெழுத்துதான்.

அதற்கு விலை உண்டு. வற் 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. மின்சாரத்தையும் எரிபொருளையும் செலவுக்குக் குறைவாக விற்பது நிறுத்தப்பட்டது. 2023இல் வந்த புதிய சட்டத்தின்படி மத்திய வங்கி அரசிடம் நேரடியாகக் கடன் பத்திரம் வாங்கிக் காசு அச்சடிக்க முடியாது. டோக்கன் இயந்திரத்துக்குப் பூட்டு. இந்தக் கடைசி விஷயம் நல்லது என்பது என் அபிப்பிராயம். வற் விஷயத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை. பம்பலப்பிட்டி மாடி வீட்டுக்காரரும் ஐந்துலாம்புச் சந்தியில் மூட்டை தூக்குபவரும் ஒரே சவர்க்காரத்துக்கு ஒரே 18 சதவீதம் கட்டுகிறார்கள். முதலாமவருக்கு அது உறைக்காது. வருமான வரியை, சொத்து வரியை ஒழுங்காக வசூலிப்பது கஷ்டம், கடையில் கழிப்பது சுலபம். கஷ்டப்பட மனமில்லாத அரசுகள் சுலபமானதை எடுக்கின்றன.

இது இலங்கை ஐஎம்எப்பிடம் போன பதினேழாவது தடவை. முதல் தடவை 1965இல். ஒவ்வொரு தடவையும் டொலர் வற்றியபோது போனோம், கொஞ்சம் சேர்ந்ததும் பழையபடி செலவழித்தோம், வரி கேட்டால் தேர்தல் போய்விடும் என்று பயந்தோம்.

இப்போது எங்கே நிற்கிறோம்? 2024 டிசம்பரில் பிணைமுறிக்காரர்களோடு கணக்கு முடிந்தது. பழைய பத்திரங்களைக் கொடுத்துப் புதியவற்றை வாங்கிக்கொண்டார்கள். அந்த வருட முடிவில் கையிருப்பு 6 பில்லியன் அளவு. 2020 மார்ச்சில் நிறுத்திய கார் இறக்குமதியை 2025 பிப்ரவரியில் திறந்துவிட்டார்கள். கொழும்பின் காலி வீதியில் புது வாகனங்களைப் பார்த்து "நாடு எழும்பிவிட்டது" என்று ஒரு கூட்டமும் "டொலர் போகிறதே" என்று இன்னொரு கூட்டமும் சொல்கின்றன. இரண்டும் ஒரே வாகனத்தைப் பற்றியதுதான். இறக்குமதித் தீர்வை அரசின் ரூபாய்ப் பையை நிரப்புகிறது, வாகனத்தின் விலை நாட்டின் டொலர்ப் பையிலிருந்து போகிறது. எந்தப் பை எவ்வளவு வேகமாக நிரம்புகிறது, எது எவ்வளவு வேகமாகக் காலியாகிறது என்பதை மாதாமாதம் மத்திய வங்கி வெளியிடும் எண்களில் பார்க்கலாம். வெளிநாட்டு அரசுகளிடம் வாங்கிய கடனின் முதலைக் கட்டுவதை 2028 வரை தள்ளி வைத்திருக்கிறார்கள். அந்த வருடம் அதை டொலரில் கட்டத் தொடங்க வேண்டும்.